குட்டி லேப்டாப்பும் விட்டுப்போன ஒரு பெயரும்

போன மாதம் என் தங்கை மகன் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். பதினோரு அங்குல லேப்டாப், எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், விலை பதினைந்தாயிரத்துக்குள். "காலேஜுக்கு இதை எடுத்துக்கலாம்னு இருக்கேன், எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டிருந்தான். படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தவன் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். பையன் பாதியில் எங்கேயோ போய்விட்டான் போலிருக்கிறது, "ம்", "ம்" என்ற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த மாதிரிப் பெட்டியில் இரண்டு முறை பணத்தைப் போட்டு மாட்டிக்கொண்டவன் நான்.

கும்பகோணத்தில் எனக்கு டிடிபி வேலை, அதாவது அச்சுக்குப் போகிற பக்கங்களைக் கணினியில் அமைத்துக் கொடுப்பது. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி, இப்படி. 2009இல் என்னிடம் இருந்தது ஒரு பழைய டெஸ்க்டாப்பும் 17 அங்குல டப்பா மானிட்டரும். அந்த வருஷங்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறிவித்துப் போவது ஒரு கணக்கு, சொல்லாமல் போவது தனிக் கணக்கு. யூபிஎஸ் பத்து நிமிடம் கீச்சிட்டுவிட்டு அணைந்துவிடும். பத்திரிகை வேலைக்கு வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார்கள். அப்போதுதான் சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் தோள்பையிலிருந்து நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒன்றை எடுத்துத் திறந்தார். ஐந்து மணி நேரம் சார்ஜ் நிற்கும் என்றார். நான் விழுந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் உலகமே இதில் விழுந்துகிடந்தது என்பது எனக்கு ஒரு ஆறுதல். அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபாண்டே ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு நூறு டாலரில் லேப்டாப் செய்கிறேன் என்று 2005இல் கிளம்பினார். அந்த விலைக்கு அவரால் கடைசிவரை செய்ய முடியவில்லை, கிட்டத்தட்ட இருநூறு டாலரில் போய் நின்றது. ஆனால் அவர் மூட்டிய நெருப்பில் தைவான்காரர்கள் சோறாக்கிவிட்டார்கள். 2007 ஜூனில் தைபே கண்காட்சியில் அசுஸ் நிறுவனம் 'ஈ பிசி'யைக் காட்டியது. ஏழு அங்குலத் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி ஃபிளாஷ் சேமிப்பு, உள்ளே விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ், எடை ஒரு கிலோவுக்கும் கீழே. 199 டாலர் என்று அறிவித்தார்கள், அக்டோபரில் கடைக்கு வந்தபோது விலை அதற்கு மேலேதான் இருந்தது. இருந்தும் பறந்தது. லேப்டாப் என்றாலே ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஏசர், எச்பி, டெல், எம்எஸ்ஐ என்று ஒவ்வொருவராகக் குட்டி போட்டார்கள். நம் எச்சிஎல்லும் 2008 ஜனவரியில் 'மைலீப்' என்று ஒன்றை இறக்கியது. இன்டெல் இதற்கென்றே ஆட்டம் என்ற பிராசசர் சில்லைக் கொண்டுவந்து, 'நெட்புக்' என்ற பெயரையும் பரப்பியது. நெட்டுக்குத்தான், வேலைக்கு இல்லை என்று அந்தப் பெயரே சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். முதல் கடையில் பதினைந்து அங்குல லேப்டாப் ஒன்றை 28,000 ரூபாய்க்குக் காட்டினார்கள். "அது எதுக்குங்க அவ்வளவு பெருசு" என்று பெரிய மனிதன் மாதிரி ஒதுக்கிவிட்டு, பக்கத்துக் கடையில் ஒன்பது அங்குலக் குட்டியை 18,500க்கு வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், அந்தக் காலத்தில் எல்லாக் கம்பெனிக் குட்டியும் ஏறத்தாழ ஒன்றுதான். கடைப் பையன் அதைத் திறந்து ஒரு சினிமாப் பாட்டை ஓடவிட்டான். பாட்டு நன்றாகவே ஓடியது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? என் பென் டிரைவில் ஒரு பத்திரிகை ஃபைலைக் கொண்டுபோய் அங்கேயே திறந்து, ஒரு பக்கம் தட்டச்சு செய்து பார்த்திருக்க வேண்டும். கால் மணி நேர வேலை. பாட்டு ஓடுகிறதா என்று பார்த்து வேலைக்கான கருவி வாங்கியவன் நான். நீங்கள் எந்த வேலைக்கு வாங்குகிறீர்களோ அந்த வேலையைக் கடையிலேயே செய்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஊருக்கு வந்ததும் அதைவிடப் பெரிய மடத்தனம் ஒன்று செய்தேன். கையில் பணம் குறைந்திருந்தது. பழைய டெஸ்க்டாப்பையும் மானிட்டரையும் சேர்த்து 4,500 ரூபாய்க்கு ஒரு டுடோரியல்காரருக்குக் கொடுத்துவிட்டேன். "ஏங்க, ஒரு மாசம் ஓட்டிப் பாத்துட்டுக் குடுக்கலாமே" என்று வீட்டில் சொன்னாள். கேட்டேனா?

மறுநாள் காலையில் பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரைப் போட உட்கார்ந்தால், சிடி போட இடமே இல்லை. சரி, வெளியே மாட்டும் டிவிடி டிரைவ் ஒன்று, 2,900. தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கு ஒரு லாக் உண்டு, அதை மாட்டினால்தான் எழுத்து வரும். என்னுடையது பிரிண்டர் ஒயர் மாட்டும் பழைய பெரிய போர்ட்டில் செருகுவது. குட்டியில் அந்த போர்ட் இல்லை. அதை யூஎஸ்பி லாக்காக மாற்ற 1,200. சி டிரைவ் 4 ஜிபி, டி டிரைவ் 8 ஜிபி என்று சேமிப்பைத் துண்டு துண்டாக வைத்திருந்தார்கள். விண்டோஸ் எக்ஸ்பி ஒன்றே சி டிரைவை முக்கால்வாசி தின்றுவிட்டது. பேஜ்மேக்கரை டி டிரைவில் போட்டாலும் அது தற்காலிக ஃபைல்களை சி டிரைவில்தான் கொண்டுபோய்க் கொட்டும். தினமும் காலையில் கடை வாசலைப் பெருக்குகிற மாதிரி சி டிரைவைப் பெருக்க ஆரம்பித்தேன். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, 650.

விசைப்பலகைதான் என்னை உண்மையிலேயே அழவைத்தது. நான் தட்டச்சு நிலையத்தில் லோயர், ஹையர் இரண்டும் தமிழில் முடித்தவன். கீழே பார்க்காமல் அடிப்பேன். தமிழ்த் தட்டச்சில் ஷிஃப்ட் இல்லாமல் ஒரு வரி நகராது. இடது கை எழுத்துக்கு வலது சுண்டுவிரல் ஷிஃப்டுக்குப் போகும், அது மூளை சொல்லிப் போவதில்லை, தானாகப் போகும். இந்தக் குட்டியில் இடம் பத்தாமல் வலது ஷிஃப்டை ஓரத்துக்குத் தள்ளி, அது இருக்க வேண்டிய இடத்தில் மேல் அம்புக்குறியை வைத்திருந்தார்கள். என் சுண்டுவிரல் ஒவ்வொரு முறையும் அம்புக்குறியில் விழும். கர்சர் மேல் வரிக்குத் தாவும். அடுத்த நாலு எழுத்து மேல் வரியின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். 'திருநிறைச்செல்வி' என்ற சொல்லுக்கு நடுவே மாப்பிள்ளையின் படிப்பு வந்து நின்றதைப் பார்த்து முதலில் சிரித்தேன். பத்தாவது முறை சிரிப்பு வரவில்லை. 350 ரூபாய்க்கு வெளி கீபோர்டு வாங்கி மாட்டினேன். சின்ன லேப்டாப் வாங்குகிறவர்கள் ஷிஃப்ட், என்டர், பேக்ஸ்பேஸ், அம்புக்குறி இந்த நாலும் எங்கே இருக்கின்றன, என்ன அளவில் இருக்கின்றன என்று கட்டாயம் பாருங்கள். வழக்கமான இடத்தில் இல்லையென்றால் உங்கள் விரல் ஒரு வருஷம் ஆனாலும் மாறாது.

அடுத்தது திரை. அகலம் 1024 புள்ளி, உயரம் 600. அகலம் பழைய மானிட்டர் மாதிரியேதான், உயரத்தில்தான் கையை வைத்திருந்தார்கள். மென்பொருள்கள் எல்லாம் குறைந்தது 768 உயரம் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. ஒரு செட்டிங்கைத் திறந்தால் அந்தப் பெட்டியின் கீழ்ப்பாகம் திரைக்கு வெளியே போய்விடும். 'ஓகே' பொத்தான் கீழேதான் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. மேலே இழுத்தாலும் தலைப்புப் பட்டை திரை விளிம்பில் முட்டி நின்றுவிடும். இரண்டு நாள் அல்லாடிய பிறகு பிரஸ் பையன் ஒருவன் வந்து என்டரைத் தட்டினான், வேலை முடிந்தது. "அவ்வளவுதாண்ணே" என்றான். அங்குலத்தைக் கேட்டு லேப்டாப் வாங்காதீர்கள், உயரத்தில் எத்தனை புள்ளி என்று கேளுங்கள். இன்றும் மலிவுப் பெட்டிகளில் 1366க்கு 768தான் நிறைய வருகிறது. எழுத்து வேலை, கணக்கு வேலை என்றால் 1920க்கு 1080க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இதெல்லாம் பணத்தோடு போனது. அடுத்தது மானத்தோடு போனது.

ஒரு நாள் இரவு பத்தரைக்குக் கதவு தட்டினார்கள். பக்கத்துத் தெருவில் பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார். விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி ஒட்ட வேண்டும், 150 போதும் என்றார்கள். கரண்டும் இல்லை. குட்டி லேப்டாப்புக்கு இதைவிடப் பொருத்தமான வேளை வருமா? பெருமையோடு திறந்து உட்கார்ந்தேன். படம் வைத்து, பெயர், தோற்றம், மறைவு எல்லாம் போட்டு, கீழே 'கண்ணீருடன்' என்று மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகளை அடித்தேன். பேஜ்மேக்கர் தெரிந்தவர்களுக்குப் புரியும். ஒரு பத்தியில் எழுத்து நிரம்பி வழிந்தால் மிச்சம் மறைந்துகொள்ளும், அந்தப் பத்தியைக் கிளிக் செய்தால் அடியில் ஒரு சின்னச் சிவப்பு முக்கோணம் மட்டும் தெரியும். என் பழைய மானிட்டரில் முழுப்பக்கத்தையும் வைத்துக் கிளிக் செய்தால் அந்தச் சிவப்பு கண்ணில் குத்தும். இதில் மெனு, கருவிப்பட்டை, அளவுகோல், கீழே டாஸ்க்பார் எல்லாம் போக மிஞ்சுவது ஒரு கை அகலம். முழுப்பக்கம் பார்த்தால் எழுத்து எறும்பாகத் தெரியும், பெரிதாக்கினால் பக்கத்தில் கால்வாசிதான் தெரியும். மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிக் கிளிக் செய்து பார்த்தேன், முக்கோணத்தைத் தாண்டிப் போய்விட்டேன். கரண்ட் வந்ததும் டிரேசிங் தாளில் பிரிண்ட் எடுத்து பிரஸ்ஸில் கொடுத்துவிட்டு இரண்டு மணிக்குப் படுத்தேன்.

காலை ஏழு மணிக்கு இளைய மகன் கடை வாசலில் நின்றார். பெயர்கள் வரிசையில் கடைசிப் பத்தியில் அவர் பெயர்தான் முதலில். பத்தி முழுசும் வழிந்து மறைந்துவிட்டது. அண்ணன் தம்பிக்குள் நிலத் தகராறு ஏதோ ஓடிக்கொண்டிருந்ததாம், அது எனக்கு அப்புறம்தான் தெரியும். அண்ணன்தான் பெயரை எடுக்கச் சொன்னார் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. அவர் கத்தவில்லை. "எங்கப்பா மட்டுந்தானே செத்தாரு, என்னையும் சேத்து எடுத்துட்டீங்களே" என்றார். நான் எழுத்துப் பெட்டி, முக்கோணம் என்று ஏதோ உளறினேன். துக்க வீட்டுக்காரரிடம் போய் முக்கோணம் பேசுகிறோமே என்று பேசும்போதே நாக்கு ஒட்டிக்கொண்டது. திரும்ப 150 அடித்து, ஆள் வைத்துப் பழையதன் மேலேயே ஒட்டக் கொடுத்ததில் 2,400 போயிற்று. அந்தக் குடும்பம் அதன் பிறகு என் கடைப் படி ஏறவில்லை. அவர்கள் உறவில் வருஷத்துக்கு நாலு கல்யாணமாவது வரும்.

அந்த வாரமே 3,200க்கு ஒரு பழைய மானிட்டர் வாங்கி குட்டியின் பின்னால் மாட்டினேன். இப்போது என் மேசையைப் பாருங்கள்: வெளி மானிட்டர், வெளி கீபோர்டு, வெளி டிவிடி டிரைவ், நடுவில் மூடிவைத்த ஒரு சின்ன லேப்டாப். கையில் தூக்கிப் போகலாம் என்று வாங்கியது. கூட்டிப் பார்த்தேன். 18,500, 2,900, 1,200, 650, 350, 2,400, 3,200. மொத்தம் 29,200. ரிச்சி தெருவில் நான் ஒதுக்கிய பதினைந்து அங்குல லேப்டாப்பைவிட 1,200 அதிகம். அதில் டிவிடி டிரைவும் உண்டு. மலிவுப் பெட்டி வாங்குமுன் இந்தக் கூட்டலை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெட்டி விலை முதல் வரி மட்டும்தான்.

எனக்கு நடந்தது என் மடத்தனம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகு படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. இந்தப் பெட்டிகளில் குறை வழிதவறி வந்ததல்ல, அளவெடுத்து வைத்தது. அப்போதைய புது விண்டோஸான விஸ்டா இந்தச் சின்னச் சில்லில் நகராது, லினக்ஸ் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் மைக்ரோசாஃப்ட் 2008 ஜூனோடு நிறுத்த இருந்த எக்ஸ்பியை இந்த வகைக்கு மட்டும் நீட்டித்து, மலிவாகக் கொடுத்தது. கூடவே நிபந்தனை: ரேம் 1 ஜிபிக்கு மேல் கூடாது, திரையும் டிஸ்க்கும் இந்த அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த விலை கிடையாது. பெரிய லேப்டாப் வியாபாரத்தைச் சின்னது தின்றுவிடக் கூடாதே. அப்புறம் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் பின்புலப் படத்தைக்கூட மாற்ற முடியாது. படம் மாற்றுவதற்கு என்ன செலவாகிவிடும் அவர்களுக்கு? ஆனால் ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். குட்டிகள் வந்து கலக்கிய பிறகுதான் பெரிய லேப்டாப்காரர்களும் விலையில் இறங்கி வந்தார்கள். 2010 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடைக் காட்டியபோது, நெட்புக் எதிலுமே சிறந்ததில்லை என்று மேடையில் சொன்னார். 2012 கடைசியில் அசுஸும் ஏசரும் செய்வதை நிறுத்தின.

பெயர் போனதே தவிர சரக்கு போகவில்லை. அதைத்தான் நான் 2020இல் கவனிக்கவில்லை. மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பு ஆன்லைனில் ஆரம்பித்தது. ஊரில் லேப்டாப் தட்டுப்பாடு, கிடைத்ததை எடு என்ற நிலை. 11.6 அங்குலம், 4 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு, 17,000 ரூபாய். வாங்கும்போது 32 என்பது போனில் வருகிற 32 மாதிரித்தான் என்று நினைத்தேன். திறந்தால் விண்டோஸ் போகப் பத்து ஜிபிதான் காலி. உள்ளே 'எஸ் மோட்' என்று ஒன்று இருந்தது, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருப்பதைத் தவிர வேறு எதையும் போடவிடாது. அதை எடுக்கக் கடையில் 500 ரூபாய் கொடுத்தேன். அது செட்டிங்ஸில் இலவசமாகவே எடுக்கக்கூடியது, நீங்கள் காசு கொடுக்காதீர்கள். எடுத்தால் திரும்பப் போட முடியாது, அவ்வளவுதான். ஆறு மாதத்தில் விண்டோஸின் பெரிய அப்டேட் வந்தது, இடம் பத்தவில்லை என்று நின்றது. மகள் பாட வீடியோக்களை அழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் நான் சி டிரைவைப் பெருக்கிக்கொண்டிருந்த அதே கோலம்.

மெக்கானிக்கிடம் டிஸ்க்கை மாற்றித் தரச் சொன்னேன். அவர் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். மாற்ற அங்கே டிஸ்க்கே இல்லை. இஎம்எம்சி என்று ஒரு சில்லைப் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள், ரேமும் அப்படியே. வேறு டிஸ்க் மாட்ட ஒரு காலி ஸ்லாட்கூட இல்லை. ஆகவே கடையில் மூன்றே கேள்வி கேளுங்கள்: சேமிப்பு இஎம்எம்சியா எஸ்எஸ்டியா, ரேம் கூட்ட ஸ்லாட் உண்டா, டிஸ்க் மாற்ற முடியுமா. விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் ஒட்டியதுதான். 4 ஜிபி ஒட்டிய பெட்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். புதுக் குட்டிக்குப் பதில் அதே பணத்தில் ஆபீஸ்களில் ஓடிக் கழித்த பழைய பெரிய லேப்டாப் வாங்கலாம். எடை கூட, பேட்டரி ஒன்று மாற்ற வேண்டிவரும், ஆனால் திருகாணியைக் கழற்றினால் உள்ளே மாற்ற ஏதாவது இருக்கும். விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் குரோம்புக் என்றால் அப்டேட் எந்தத் தேதியோடு முடிகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்தத் தேதி நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணுவதல்ல, தள்ளுபடியில் கிடைப்பது பாதி ஆயுள் முடிந்ததாக இருக்கலாம்.

மகளின் பெட்டிக்கு விண்டோஸ் 11 ஏறாது, அதற்குக் குறைந்தது 64 ஜிபி வேண்டும். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. அதனால் லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டேன். 32 ஜிபியில் தாராளமாக உட்கார்ந்துகொண்டது, அவள் இப்போது அதில் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்கிறாள்.

பழைய குட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. பேட்டரி செத்துப் பல வருஷம், ஒயர் மாட்டினால்தான் உயிர். அதன் ஆட்டம் சில் 32 பிட் மட்டும்தான், புது லினக்ஸ்கள் பலவும் அதைக் கைவிட்டுவிட்டன, நானும் எக்ஸ்பியை எடுக்கவில்லை, இணையத்திலும் மாட்டுவதில்லை. பதினைந்து வருஷத்துக்கு முந்தைய பேஜ்மேக்கர் ஃபைலைத் தேடிக்கொண்டு யாராவது வந்தால் அதைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது, அந்த யூஎஸ்பி லாக்கோடு. சென்ற ஆடியில் ஒரு கோயில்காரர் பழைய குடமுழுக்கு மலரின் பெயர்ப் பட்டியல் கேட்டு வந்தார். அது உயிர்பெற நாலு நிமிடம் ஆயிற்று. அவர் காபி குடித்து முடித்துவிட்டார். பட்டியலைக் கொடுக்குமுன் ஒவ்வொரு பத்தியையும் கிளிக் செய்து அடியில் சிவப்பு முக்கோணம் இருக்கிறதா என்று பார்த்தேன். "என்ன சார் தேடுறீங்க" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.